இருபத்து நான்கு மறுப்புகள்

"ஒற்றுமைக்கும் நல்ல நட்புக்கும் யூத மதத்தில் ஆன்மீக மதிப்பு ஏதேனும் உண்டா, அல்லது அவை ஊரோடு ஒத்து வாழ்வதற்கான ஒழுக்க விதிகள் மட்டும்தானா? கடவுளைத் தேடுகிறவனுக்குத் தனிமை போதாதா?" என்பது கேள்வி. பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது. யூத மரபு தனிமையை முற்றாக ஒதுக்கிவிடவில்லை. மோசே 40 நாள் மலைமேல் தனியே இருந்தவர்தான். ஆனால் தனிமையில் எதையோ கண்டுவிட்டு, இறங்கி வந்தபின் மனிதர்களோடு வாழத் தெரியாதவனை அந்த மரபு ஞானி என்று ஒப்புக்கொள்வதில்லை. முன்பாதிக்கான பதில் இன்னும் சுவையானது. நண்பன் ஆறுதலுக்காக மட்டும் இருப்பவன் அல்லன். முக்கியமாக, மறுத்துப் பேசுவதற்காக இருப்பவன். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

எனக்கு இதில் ஆதாரம் பெரும்பாலும் தல்மூதுதான். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு, அதன்மேல் பாலஸ்தீனத்திலும் பாபிலோனியாவிலும் பல தலைமுறை ரபிகள் (யூத மத அறிஞர்கள்) நடத்திய விவாதம், இடையிடையே கதைகள், வைத்தியம், வம்பு என எல்லாம் கலந்த பெருங்கடல் அது. கோட்பாட்டை நேராகச் சொல்லும் பழக்கம் அதற்குக் கிடையாது. ஒரு கதையைச் சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விடும்.

தனிமை பற்றிய கதையும் அப்படித்தான் வருகிறது. ரோமானியரைக் குறை கூறியதற்காக மரண தண்டனை விதிக்கப்பட்ட ரபி ஷிமோன் பார் யோகாய், மகன் எலாசாரோடு ஒரு குகையில் ஒளிந்துகொள்கிறார். குடிக்க ஓர் ஊற்று, உண்ண ஒரு கரோப் மரம். உடுத்தியிருந்தது நைந்துவிடாமல் இருக்க அதைக் கழற்றி வைத்துவிட்டு, கழுத்தளவு மணலில் அமர்ந்து பகல் முழுவதும் தோரா என்ற வேதத்தைப் படிக்கிறார்கள். தொழுகை நேரத்தில் மட்டும் உடை. இப்படி 12 ஆண்டுகள். வெளியே வந்ததும் யாரோ உழுது விதைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார்கள். "நித்திய வாழ்வை விட்டுவிட்டு நிலையற்ற வாழ்வில் உழல்கிறார்களே!" என்று சினந்து நோக்க, பார்த்த இடமெல்லாம் எரிந்துபோகிறது. அப்போது வானத்திலிருந்து ஒரு குரல்: "என் உலகத்தை அழிக்கவா வெளியே வந்தீர்கள்? குகைக்கே திரும்புங்கள்." இன்னும் 12 மாதம் உள்ளே. மறுபடி வந்தபோது, ஓய்வுநாள் தொடங்கும் அந்தியில் ஒரு கிழவர் இரண்டு கட்டு மிர்ட்டில் தழையோடு ஓடிக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று கேட்கிறார்கள். ஓய்வுநாளைச் சிறப்பிக்க என்கிறார். அந்தப் பதிலில்தான் அவர்கள் மனம் அமைதி அடைகிறது. பதின்மூன்று ஆண்டுத் தவம் தராததை ஒரு முதியவரின் தழைக்கட்டு தந்தது. கதையைச் சொன்னவர்களுக்கு ஷிமோன் மேல் மிகுந்த மரியாதை உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கேலிக்காகச் சொன்ன கதை இல்லை இது.

இதைவிடக் கடுமையான கதை ஒன்றும் உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ஹோனி, தரையில் வட்டம் போட்டு அதற்குள் நின்று மழை வேண்டிப் பெற்றவர். ஒருநாள் தூங்கியவர் 70 ஆண்டு கழித்து விழிக்கிறார். வீட்டுக்குப் போகிறார், பேரன் இருக்கிறான், தான் யார் என்றால் யாரும் நம்பவில்லை. பாடசாலைக்குப் போகிறார். அங்கே, "ஹோனியின் காலத்தில் எந்தச் சிக்கலும் தீர்ந்துவிடும், இன்றும் அப்படித் தெளிவாகிவிட்டது" என்று அவரைப் பற்றியே புகழ்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். "அந்த ஹோனி நான்தான்" என்கிறார். அங்கும் நம்பவில்லை, உரிய மதிப்பும் தரவில்லை. மனம் நொந்து, மரணம் வேண்டிப் பிரார்த்தித்து இறந்துபோகிறார். வானத்தையே வசப்படுத்தியவருக்குத் தோழர் இல்லாத வாழ்வைத் தாங்க முடியவில்லை. தல்மூது இங்கே ஒரு பழமொழியைச் சேர்க்கிறது: "தோழமை, இல்லையேல் சாவு."

இனிக் கதைகளை விட்டுச் சட்டத்துக்கு வருவோம். யூத மதத்தில் ஒரு கருத்துக்கு எவ்வளவு கனம் என்று அறிய, அது சட்டமாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொழுகையைத் தனியாகவும் செய்யலாம். ஆனால் அதன் மிகப் புனிதமான பகுதிகளைப் பத்துப் பேர் கூடினால் அன்றிச் சொல்லக்கூடாது. அந்தக் கூட்டத்தின் பெயர் மின்யான். பழைய மரபை விடாத ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் 13 வயது நிரம்பிய ஆண்களை மட்டும் எண்ணுவார்கள். வேறு பல பிரிவுகளில் பெண்களும் சேர்த்தி. தாயையோ தந்தையையோ இழந்தவர் ஏறத்தாழ 11 மாதம் தினமும் கதீஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். கதீஷில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது, கடவுளின் பெயரைப் போற்றும் துதி அது. துக்கத்தில் இருப்பவர் ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் "ஆமென், அவருடைய மகத்தான பெயர் என்றென்றைக்கும் போற்றப்படுக" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல ஒன்பது பேர் இல்லையென்றால் அவர் வாய் மூடித்தான் நிற்க வேண்டும். தனக்குள் எவ்வளவு பக்தி பொங்கினாலும் பயனில்லை. யூதர்கள் குறைவாக உள்ள ஊர்களில் பத்தாவது ஆளுக்காகத் தெருவில் நின்று காத்திருப்பது இன்றும் நடக்கிறது. அந்தப் பத்தாவது ஆள் பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. "ஒன்பது ரபிகள் சேர்ந்தாலும் மின்யான் ஆகாது, பத்துச் செருப்புத் தைப்பவர்கள் சேர்ந்தால் ஆகும்" என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழிப் பழமொழி.

பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் வேடிக்கை. கானான் நாட்டை உளவு பார்க்க மோசே அனுப்பிய 12 பேரில் யோசுவாவும் காலேபும் தவிர மற்றப் பத்துப் பேரும் பயந்துபோய்ப் பொய்யும் புரட்டுமாக வந்து சொன்னார்கள். அவர்களைத் தோரா "பொல்லாத சபை" என்கிறது. ஆக, பத்துப் பேர் இருந்தால் அது சபை! புனிதமான கூட்டத்துக்கான அளவை எடுக்க ரபிகளுக்கு அகப்பட்டது துரோகிகளின் கூட்டம். தற்செயல் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இதே போக்கு வேறு இடங்களிலும் இருக்கிறது. பழைய எருசலேம் ஆலயத்தில் எரித்த தூபக் கலவையில் 11 வாசனைப் பொருள்கள். அவற்றுள் ஒன்றான கல்பான் பிசின் துர்நாற்றம் உடையது. அதையும் சேர்த்தே தீர வேண்டும். அதைக் காட்டி, "பாவிகள் பங்கேற்காத நோன்பு நோன்பே இல்லை" என்கிறது தல்மூது. ஆண்டின் மிகப் புனித நாளான யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில், முதல் வழிபாட்டுக்கு முன், "தவறிழைத்தவர்களோடு சேர்ந்து தொழ நாங்கள் அனுமதி அளிக்கிறோம்" என்று மூன்று பேர் நின்று அறிவிப்பார்கள். 13ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர் ரோத்தன்பர்க் மெயிரின் பெயரோடு சேர்ந்து வழங்கும் வழக்கம் அது. அன்று சொல்லும் பாவ அறிக்கையும் பன்மையில்தான்: நாங்கள் வஞ்சித்தோம், நாங்கள் கொள்ளையிட்டோம். வாழ்நாளில் ஓர் ஊசியைக்கூடத் திருடாத பாட்டியும் மார்பில் தட்டிக்கொண்டு அதையே சொல்வார்.

கூடாரப் பண்டிகையில் நான்கு தாவரங்களைச் சேர்த்துக் கையில் ஏந்துவதற்கும் இப்படியொரு விளக்கம் உண்டு. எத்ரோக் என்ற எலுமிச்சை வகைக்குச் சுவையும் மணமும் உண்டு, பேரீச்சைக்குச் சுவை மட்டும், மிர்ட்டிலுக்கு மணம் மட்டும், ஆற்றோர வில்லோ கிளைக்கு இரண்டும் இல்லை. சுவை என்பது கல்வி, மணம் என்பது நற்செயல். இரண்டும் இல்லாதவனையும் கட்டிலிருந்து உருவிவிட்டால் சடங்கு செல்லாது. பிரசங்கங்களில் ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த விளக்கம் என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

சேர்ந்திருப்பது என்பது இதுவரை சொன்னதில் பாதிதான். மறுபாதி கல்விக்கூடத்தில் இருக்கிறது. யெஷிவா எனப்படும் தல்மூது பாடசாலையைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அங்கே அமைதி நிலவும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்கள். நூற்றுக்கணக்கானோர் இருவர் இருவராக உட்கார்ந்து, நடுவில் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உரக்கப் படித்து, மேசையைத் தட்டி, ஒருவரை ஒருவர் மடக்கிக்கொண்டிருப்பார்கள். சந்தை இரைச்சல்தான். இந்த இருவர் கல்விக்கு ஹவ்ரூதா என்று பெயர். ஜோடியில் மற்றவரையும் அப்படியே "என் ஹவ்ரூதா" என்பார்கள். ஆசிரியர் சொற்பொழிவு நாளில் கொஞ்ச நேரம். மீதி நேரமெல்லாம் இதுதான். சிலருக்கு ஹவ்ரூதா நாற்பது ஐம்பது ஆண்டு நீடிக்கும். "இரும்பை இரும்பு கூராக்கும்" என்ற நீதிமொழி வசனத்தை ரபிகள் இந்த ஜோடிகளுக்கே பொருத்தினார்கள். "ஆசிரியரிடம் நிறையக் கற்றேன், தோழர்களிடம் அதைவிட அதிகம், மாணவர்களிடம் எல்லாரையும்விட அதிகம்" என்கிறார் ரபி ஹனினா.

தல்மூதின் அச்சுப் பக்கமே சண்டைக்கென்று வகுத்ததுதான். நடுவில் மூலம். தையலோரம் 11ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் ராஷியின் உரை. வெளியோரம் தோசஃபோத் என்ற உரை; அதில் பேசுகிறவர்களில் முக்கியமானவர்கள் ராஷியின் சொந்தப் பேரன்கள், அவர்களுடைய மாணவர்கள். தாத்தா சொன்னது ஏன் பொருந்தாது என்று வரிக்கு வரி வாதிடுகிறார்கள். நூற்றாண்டுகளாக அந்தக் குடும்பச் சண்டை ஒரே தாளில், எதிரெதிர் விளிம்புகளில் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

இந்த ஜோடிகளுள் தல்மூது மறக்காத ஒன்று ரபி யோகனானும் ரேஷ் லாகிஷும். 3ஆம் நூற்றாண்டு, கலிலேயா. யோகனான் பேரழகர். ஒருநாள் யோர்தானில் குளித்துக்கொண்டிருந்தபோது, கொள்ளைக்கூட்டத் தலைவனான ரேஷ் லாகிஷ் ஆற்றைத் தாண்டிக் குதித்து வருகிறான். "உன் வலிமை தோராவுக்கு ஆகட்டும்" என்கிறார் யோகனான். "உன் அழகு பெண்களுக்கு ஆகட்டும்" என்று திருப்பிச் சொல்கிறான் கொள்ளைக்காரன். "நீ மனம் திருந்தினால் என் தங்கையைத் தருகிறேன், அவள் என்னைவிட அழகி." ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொண்ட அந்தக் கணமே பழைய வலிமை போய்விடுகிறது. உடைமைகளை எடுத்துவர வந்தபடி தாண்டிப் பார்க்கிறான், முடியவில்லை. யோகனான் அவனுக்குக் கற்பிக்கிறார். கொள்ளைக்காரன் தன் காலத்தின் மிகப் பெரிய அறிஞர்களுள் ஒருவராகிறார்.

பிறகு ஒருநாள் பாடசாலையில் ஒரு சட்டச் சிக்கல். வாள், கத்தி, குத்துவாள், ஈட்டி, அரிவாள் இவை தீட்டுக்கு உட்படுவது எப்போதிலிருந்து? செய்து முடிந்ததிலிருந்து. செய்து முடிவது எப்போது? "உலையில் காய்ச்சி எடுக்கும்போது" என்கிறார் யோகனான். "தண்ணீரில் தோய்த்து எடுக்கும்போது" என்கிறார் ரேஷ் லாகிஷ். யோகனானின் வாயிலிருந்து ஒரு சொல் தவறி விழுகிறது: "கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியும்." அத்தனை ஆண்டு நட்பும் அந்த இடத்தில் பிளக்கிறது. "நீ எனக்கு என்ன நன்மை செய்துவிட்டாய்? அங்கேயும் என்னைத் தலைவன் என்றார்கள், இங்கேயும் தலைவன் என்கிறார்கள்." "கடவுளின் சிறகடியில் உன்னைக் கொண்டுவந்து சேர்த்தேனே, அது நன்மை இல்லையா?" யோகனானுக்கு மனம் ஆறவில்லை. ரேஷ் லாகிஷ் நோயில் விழுகிறார். தங்கை அழுதுகொண்டு வருகிறாள்: "என் பிள்ளைகளுக்காகவாவது இரங்கு." அண்ணன் எரேமியாவின் வசனத்தைச் சொல்கிறார்: "உன் அனாதைப் பிள்ளைகளை விட்டுவிடு, நான் அவர்களைக் காப்பாற்றுவேன்." "என் தாலிபாக்கியத்துக்காகவாவது?" "உன் விதவைகள் என்னை நம்பட்டும்." வேதவசனத்தை இதைவிடக் கொடூரமாக யாராவது பயன்படுத்தியிருப்பார்களா என்பது சந்தேகம். ரேஷ் லாகிஷ் இறந்துபோகிறார்.

அதன்பின் யோகனான் துக்கத்தில் மூழ்கிவிடுகிறார். தேற்றுவதற்காக ரபிகள் கூரிய அறிவுடைய எலாசார் பென் பெதாத் என்பவரை அவரிடம் அனுப்புகிறார்கள். யோகனான் எதைச் சொன்னாலும் எலாசார், "நீங்கள் சொல்வதற்கு ஆதரவாக ஒரு பழம்பாடம் இருக்கிறது" என்று எடுத்துக் காட்டுகிறார். யோகனான் வெடிக்கிறார். "நீ லாகிஷின் மகனுக்கு, அந்த ரேஷ் லாகிஷுக்கு, இணையா? நான் ஒன்று சொன்னால் அவன் 24 மறுப்புகள் எழுப்புவான், நான் 24 பதில்கள் சொல்வேன், அதிலே சட்டம் விரிந்து தெளிவாகும். நீயோ ஆதாரம் இருக்கிறது என்கிறாய். நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா?" உடையைக் கிழித்துக்கொண்டு, "லாகிஷின் மகனே, எங்கே இருக்கிறாய்?" என்று அரற்றி அலைந்து, சித்தம் கலங்கி, கடைசியில் ரபிகளே அவருக்காக இரக்கம் வேண்டிப் பிரார்த்திக்க, இறந்துபோகிறார்.

நட்பின் ஆன்மீக மதிப்பைப் பற்றி யூத மரபு சொல்வதெல்லாம் இந்த ஒரு கதைக்குள் இருக்கிறது என்பேன். ஆமாம் போடுகிற எலாசார் நல்லவர், பணிவானவர், கற்றவர். ஆனால் அவர் நண்பர் ஆகவில்லை. கடவுளின் சொல்லை ஒருவன் தன் அறிவைக் கொண்டு மட்டும் எட்டிப் பிடித்துவிட முடியாது, எதிரே ஒருவன் நின்று "இல்லை" என்று சொன்னால்தான் அது முழுமையாக வெளிப்படும் என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. அதே கதை அந்த உறவு எவ்வளவு எளிதில் உடையக்கூடியது என்பதையும் மறைக்கவில்லை. மறுப்பு நண்பனின் வாதத்தின் மேல் இருந்தவரை சட்டம் வளர்ந்தது; அவனது கடந்த காலத்தின் மேல் பாய்ந்த அன்று இருவரும் செத்தார்கள்.

இதனால்தான் ஒற்றுமை என்ற சொல்லை யூத மரபில் அப்படியே நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. வானத்தை எட்டக் கோபுரம் கட்டத் துணிந்து கடவுளால் சிதறடிக்கப்பட்ட பாபேல் மக்கள் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். "பொல்லாதவர்கள் கூடுவது அவர்களுக்கும் கேடு, உலகத்துக்கும் கேடு, சிதறுவது இருவருக்கும் நன்மை" என்கிறது மிஷ்னா. அதைவிட வியப்பான விதி நீதிமன்றங்களைப் பற்றிய தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியில் இருக்கிறது. மரண தண்டனை வழக்கை 23 நீதிபதிகள் விசாரிக்க வேண்டும். அத்தனை பேரும் ஒருமனதாகக் குற்றவாளி என்றால் குற்றம்சாட்டப்பட்டவர் விடுதலை! தீர்ப்பை ஓர் இரவு தள்ளிவைக்க வேண்டும் என்ற விதி இருப்பதே அவருக்குச் சாதகமாக ஏதேனும் தோன்றாதா என்பதற்காகத்தான். ஒருவர்கூட அவர் பக்கம் பேசாத அவையில் இனி எதுவும் தோன்றப் போவதில்லை என்பது காரணம். ஒற்றுமை, ஒற்றுமை என்று மேடையில் முழங்கி எதிர்க்கருத்தை வாயடைக்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள், இஸ்ரேலிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த விதி பிடிக்காது.

அப்படியானால் எந்தச் சண்டை நல்ல சண்டை? "வானத்தின் (அதாவது கடவுளின்) பொருட்டு நடக்கும் வாதம் நிலைக்கும். எது அப்படிப்பட்டது? ஹில்லேல், ஷம்மாய் இவர்களின் வாதம். எது அப்படி இல்லாதது? கோராகும் அவன் கூட்டத்தாரும் செய்தது" என்கிறது பிதாக்களின் போதனை என்ற மிஷ்னாப் பகுதி. கோராகு மோசேக்கு எதிராகக் கிளம்பியது பதவிக்காக. ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு பெரிய ஆசிரியர்களின் பள்ளிகள் மோதியது சட்டத்துக்காக. திருமணச் சட்டத்திலேயே அவர்களுக்குள் பெரிய பிளவு. ஒரு பள்ளி செல்லும் என்ற மணத்தை மற்றது செல்லாது என்றது. பிறக்கும் பிள்ளையின் தகுதியே கேள்விக்கு உள்ளாகும். ஆனாலும் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுப்பதை அவர்கள் நிறுத்தவில்லை என்று மிஷ்னா பதிவு செய்கிறது. மூன்று ஆண்டு வாதிட்டபின் வானத்துக் குரல், "இதுவும் அதுவும் உயிருள்ள கடவுளின் சொற்களே, ஆனால் சட்டம் ஹில்லேல் பள்ளியின்படி" என்றது. ஏன்? அவர்கள் மென்மையானவர்கள், எதிர்த்தரப்பின் கருத்தையும் கற்பித்தார்கள், அதையே தங்கள் கருத்துக்கு முன்னால் சொன்னார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒருநாள் பாடசாலையில் வாளை நட்டு, "உள்ளே வரலாம், வெளியே போகக்கூடாது" என்று வைத்து வாக்கெடுத்தார்கள் என்றும், அந்த நாள் வணங்குவதற்காகப் பொன் கன்றுக்குட்டி செய்த நாளைப் போல இஸ்ரவேலுக்குக் கொடியது என்றும் அதே தல்மூதே சொல்கிறது. இலட்சிய ஜோடியைப் பற்றியும் வெள்ளையடிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நினைவுகள் யூத நாள்காட்டியிலேயே பதிந்திருக்கின்றன. "உன்னைப் போல உன் அயலானை நேசி" என்பதே தோராவின் பெருங்கோட்பாடு என்றவர் ரபி அகிவா. அவருக்கு 12,000 ஜோடி மாணவர்கள். பஸ்காவுக்கும் வாரங்களின் பண்டிகைக்கும் இடைப்பட்ட நாட்களில் அத்தனை பேரும் மாண்டார்கள், ஒருவருக்கொருவர் மரியாதை காட்டாததே காரணம் என்கிறது தல்மூது. கி.பி. 132 முதல் 135 வரை நடந்த பார் கோக்பா கிளர்ச்சியின் சாவுகள்தான் இப்படிக் கதையாயின என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. 24,000 என்று சொல்லாமல் 12,000 ஜோடி என்று ஏன் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துவது. எல்லாருக்கும் தோழர் இருந்தார்! அந்த வாரங்களில் இன்றும் பக்தியுள்ள யூதர்கள் திருமணம் வைப்பதில்லை, முடி வெட்டிக்கொள்வதில்லை.

இரண்டாவது நினைவு கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தது. முதல் ஆலயம் சிலை வழிபாடு, ஒழுக்கக்கேடு, கொலை இவற்றால் அழிந்தது. இரண்டாம் ஆலயக் காலத்தவர் தோராவும் அறமுமாக இருந்தவர்கள், அது ஏன் அழிந்தது? காரணமற்ற பகையால், என்கிறது தல்மூது. அதற்கு ஒரு விருந்துக் கதையும் சொல்கிறது. ஒருவருக்குக் கம்சா நண்பர், பார் கம்சா எதிரி. அழைப்பைக் கொண்டுபோன வேலைக்காரன் ஆள் மாறிப் பார் கம்சாவை அழைத்துவிட்டான். வந்து உட்கார்ந்தவரைப் பார்த்ததும் வீட்டுக்காரர் எழுந்து போகச் சொல்கிறார். "வந்துவிட்டேன், அவமானப்படுத்தாதீர்கள். நான் உண்பதற்குப் பணம் தந்துவிடுகிறேன்." முடியாது. "பாதி விருந்துச் செலவு?" முடியாது. "முழு விருந்துச் செலவும்?" முடியாது; கையைப் பிடித்து வெளியே தள்ளுகிறார். பார் கம்சா நேரே ரோமானியரிடம் போய்க் கோள் சொல்கிறார். ஆனால் அவரைச் சுட்டது வீட்டுக்காரரின் செயலைவிட வேறொன்று. "ரபிகள் அங்கே உட்கார்ந்திருந்தும் தடுக்கவில்லையே, அவர்களுக்கு இது சம்மதம் போலிருக்கிறது" என்பதுதான். பந்தியில் வாய் திறக்காமல் இருந்த பெரிய மனிதர்களின் பெயரால் ஒரு நகரம் எரிந்தது என்று, தங்கள் முன்னோர்களைப் பற்றி ரபிகளே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவேதான் கண்டித்துச் சொல்வது நட்பின் கடமையாகவே ஆகிறது. லேவியராகமம் 19இல் "உன் சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே", "அவனைக் கண்டித்துச் சொல்", "அயலானை நேசி" எல்லாம் அடுத்தடுத்த இரண்டே வசனங்களில் வருகின்றன. கடவுளுக்கு எதிரான பாவத்தை யோம் கிப்பூர் தீர்க்கும். சக மனிதனுக்கு இழைத்த பாவத்தை, அவனைச் சமாதானப்படுத்தாதவரை யோம் கிப்பூரும் தீர்க்காது. கடவுளே தலையிட மறுக்கும் கணக்கு அது.

பிற்கால ஞானியர் இதை இன்னும் உள்முகமாக்கினார்கள். 16ஆம் நூற்றாண்டில் சபேத் நகரில் வாழ்ந்த, கபாலா என்ற யூத மறைஞானத்தின் அறிஞர் ஐசக் லூரியா, காலைத் தொழுகைக்கு முன் "அயலானை நேசி என்ற கட்டளையை என்மேல் ஏற்கிறேன்" என்று சொல்லிவிட்டே தொடங்க வேண்டும் என்றார். இன்றும் பல தொழுகை நூல்களில் அந்த வரி உண்டு. ஹசீதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் குரு சாசோவ் மோஷே லெய்ப், நேசம் என்றால் என்ன என்பதைச் சாராயக்கடையில் ஒரு குடியானவனிடம் கற்றதாகச் சொல்வாராம். "என்னை உனக்குப் பிடிக்குமா?" என்று கேட்கிறான் ஒருவன். "ரொம்பப் பிடிக்கும்." "எனக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியுமா?" "எனக்கு எப்படித் தெரியும்?" "அது தெரியாமல் பிடிக்கும் என்று எப்படிச் சொல்கிறாய்?"

எனக்குப் பிடித்தது 18ஆம் நூற்றாண்டின் நடுவில் எருசலேமின் பெத் ஏல் கபாலா மடத்தில் எழுதிய ஓர் ஒப்பந்தம். ஏமனிலிருந்து வந்த ஷாலோம் ஷராபியும் தோழர்களும் முறையான பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு, இம்மையிலும் மறுமையிலும் ஒருவருக்கொருவர் துணை என்று தங்களைப் பிணைத்துக்கொண்டார்கள். தோழன் தவறு செய்ததாகக் கேள்விப்பட்டால் கண்டிப்போம் என்பது ஒரு நிபந்தனை. இன்னொன்று: ஒருவரை ஒருவர் புகழ மாட்டோம், வயதிலும் அறிவிலும் ஒருவர் மேலானவர் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தாலும் சரி. ஒருவர் வரும்போது மற்றவர் முழுதாக எழுந்து நிற்கக்கூடாது, மரியாதைக்கு அடையாளமாகக் கொஞ்சம் எழும்பினால் போதும். உறுப்புகளில் உயர்வு தாழ்வு இல்லாத ஒரே மனிதனைப் போல நடந்துகொள்வோம். உட்கார்ந்த இடத்திலிருந்து எவ்வளவு எழலாம் என்றுவரை பத்திரத்தில் எழுதியவர்கள், சகோதரத்துவம் எங்கே கெடும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள்.

நண்பனைத் தேடுவதே கடமை என்பதையும் சொல்ல வேண்டும். "உனக்கு ஓர் ஆசிரியரை ஏற்படுத்திக்கொள், ஒரு தோழனை வாங்கிக்கொள்" என்பது பிதாக்களின் போதனை. விலை கொடுத்தாவது என்று உரைகாரர்கள் அழுத்துகிறார்கள். 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடிஸ் இந்த வரிக்கு எழுதிய உரையில் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி நட்பை மூன்றாகப் பிரிக்கிறார்: பயனுக்கானது, இன்பத்துக்கானது, நற்பண்புக்கானது. இருவரும் ஒரே நன்மையை நோக்கி, ஒருவருக்கொருவர் உதவி நடப்பது மூன்றாவது. அதைத்தான் தேடச் சொல்கிறது மிஷ்னா என்கிறார். கிடைத்த நண்பனைப் பார்ப்பதற்கே துதி வாசகம் உண்டு. பிரியமான ஒருவரை 30 நாள் கழித்துக் கண்டால், "எங்களை உயிரோடு வைத்து இந்த வேளைக்குக் கொண்டுவந்தவர்" என்று கடவுளைத் துதிக்க வேண்டும். 12 மாதம் கழித்துக் கண்டால், "இறந்தோரை உயிர்ப்பிப்பவர்" என்று. நடுவில் கடிதம் வந்து நலம் தெரிந்திருந்தால் இரண்டாவதைச் சொல்லலாமா என்று பிற்காலச் சட்ட அறிஞர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள்!

கடைசியாக, யாரும் கேட்கத் தயங்கும் ஒன்று: இந்த நட்பெல்லாம் யூதருக்குள் மட்டும்தானா? "அயலான்" என்பதைச் சக யூதன் என்று சுருக்கிய இடைக்கால உரைகாரர்கள் பலர் உண்டு; மழுப்ப வேண்டியதில்லை. அதே லேவியராகமம் 19இல், சில வசனம் தள்ளி, உங்களிடையே வாழும் அந்நியனை உன்னைப் போல நேசி என்ற கட்டளையும் உண்டு. ரபி அகிவாவின் தோழர் பென் அசாய், அவரோடு இதிலும் உடன்படாமல், மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்ற வசனமே அதைவிடப் பெரிய கோட்பாடு என்றார். மிஷ்னாவைத் தொகுத்த யூதா இளவரசருக்கே நெருங்கிய தோழர் ஒரு ரோமானிய அரசர். தல்மூது அவரை அந்தோனினஸ் என்கிறது. எந்தப் பேரரசர் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை, கதையில் எவ்வளவு வரலாறு என்பதிலும் ஐயம் உண்டு. "மறுமையில் எனக்கு இடம் உண்டா?" என்று அந்தோனினஸ் கேட்கிறார். உண்டு என்கிறார் ரபி. "ஏசாவின் வீட்டில் யாரும் மிஞ்சமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறதே?" ஏசா என்பது ரோமைக் குறிக்கும். "ஏசாவின் செயல்களைச் செய்கிறவர்களுக்கு அது" என்கிறார் ரபி. அந்தப் பக்கத்திலும் கேட்பவர் வசனத்தோடுதான் மறுக்கிறார், ரபியும் அதற்கு விளக்கத்தோடுதான் பதில் சொல்கிறார்.